ஒரு பந்துக்காக எழும்பூர் வரை

(நம் பங்கின் பவளவிழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் மூத்த பங்கு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"விசுவாசத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எப்படி" என்று 15 நிமிடம் பேச வேண்டும் என்று சாமியார் போன வாரம் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் தயங்கினேன். காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். என் மகன் இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன், இந்தப் பீடத்தில் பூசைக்கு உதவி செய்தவன். இன்றைக்கு வெளியூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறானா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டான். அப்படிப்பட்ட ஒருவன் உங்களுக்கு என்ன உபதேசம் செய்வது? சாமியார் விடவில்லை. "உங்கள் வீட்டில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு எதுவுமே போகவில்லையா? அதைச் சொல்லுங்கள்" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஒன்று போயிருக்கிறது. அது கிரிக்கெட். அதிலும் குறிப்பாக, ரஞ்சிக் கோப்பையில் ஆடும் நம் தமிழ்நாட்டு அணி மேல் உள்ள பிரியம். நான்கு தலைமுறையாக அது எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன். கோயில் மண்டபத்தில் விளையாட்டுப் பேச்சா என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், சிபாரிசு சாமியாருடையது.

என் பாட்டனாரிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் மதராஸில் மண்ணடிப் பக்கம், நம் பக்கத்துச் செட்டியார் ஒருவருடைய கடையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் சேப்பாக்கத்துக்கு ஆட்டம் பார்க்கப் போகும்போது குடையும் சாப்பாட்டுத் தூக்கும் எடுத்துக்கொண்டு கூடப் போவாராம். அப்படி வெளியே நின்று பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு ஆட்டம் பிடிபட்டது.

1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாடெங்கும் மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் இடையே புதிதாகத் தொடங்கிய கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மதராஸும் மைசூரும் மோதின. இப்படிப்பட்ட ஆட்டம் ஒரே நாளில் முடிகிற காரியமா? பாட்டனாருக்கோ ஞாயிறு பூசை. ஆர்மேனியன் தெரு மாதா கோயிலில் பூசை கண்டு, அங்கேயே அந்தோணியாரிடமும் ஒரு விண்ணப்பம் வைத்துவிட்டு, ஆட்டம்தான் நாளையும் இருக்குமே என்று திங்கட்கிழமைக்கு முதலாளியிடம் லீவு கேட்டு வைத்தார்.

திங்கட்கிழமை காலை போனால் மைதானத்தில் ஒருவரும் இல்லை. புல் வெட்டுகிற ஆள் மட்டும் நிற்கிறான். மைசூர் 48, மதராஸ் 130, மறுபடி மைசூர் 59. காலையில் தொடங்கிய ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்து, மதராஸ் ஒரு இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. ராம் சிங் என்ற நம் ஆட்டக்காரர் ஒருவரே 11 விக்கெட் எடுத்திருந்தார். ரஞ்சிக் கோப்பையின் சரித்திரத்தில் முதல் ஆட்டம். அதைப் பார்க்க லீவு எடுத்த என் பாட்டனார் பார்க்காமல் போனார்.

இந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது குறைந்தது ஐம்பது தடவை சொல்லியிருப்பார். புல் வெட்டுகிற ஆள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளருவார். ஒரு தடவை அவர் மீசை வைத்திருந்தார். இன்னொரு தடவை தெலுங்கு பேசினார். "பூசைக்குப் போகாம ஆட்டத்துக்குப் போயிருக்கலாமே தாத்தா?" என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "ஆட்டம் போனா இன்னொரு ஆட்டம் வரும்டா" என்பார். வேறு விளக்கம் கிடையாது.

பின்னாளில் சேப்பாக்கம் மைதானத்துக்கு எம்.ஏ. சிதம்பரம் பெயர் வைத்தபோது எங்கள் வீட்டில் ஏதோ சொந்தக்காரருக்கு மரியாதை கிடைத்த மாதிரி சந்தோஷம். அவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருடைய மகன், இதோ இருக்கிற கானாடுகாத்தான் அரண்மனை வீட்டுப் பிள்ளை. 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கே தலைவராக இருந்தவர். "நம்ம பக்கத்து ஆளு" என்று என் தகப்பனார் சொல்லிக்கொள்வார். காரைக்குடியில் தையற்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

பாட்டனார் ஊர் திரும்பிய பிறகு, என் தகப்பனார் அழகப்பா கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1955-இல் மதராஸ் அணி இந்தூருக்குப் போய், இறுதி ஆட்டத்தில் ஹோல்கர் அணியை 46 ரன்னில் தோற்கடித்து, முதல் முறையாக ரஞ்சிக் கோப்பையைக் கொண்டு வந்தது. அந்தப் பருவத்தில் நம் அணிக்குத் தூணாக நின்றவர் கிருபால் சிங். யார் அவர்? 1934-இல் 11 விக்கெட் எடுத்த அதே ராம் சிங்கின் மகன். பத்திரிகை ரயிலில் வந்து சேர்ந்தவுடன் பாட்டனாரும் தகப்பனாரும் ஒரே தாளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு படித்தார்களாம். தாத்தா பார்க்கத் தவறிய ஆட்டக்காரருடைய மகன் ஆடுவதை அப்பா படிக்கிறார். எங்கள் வீட்டில் இது பெரிய விஷயம்.

என் காலத்துக்கு வருகிறேன். நாங்கள் தென்னை மட்டையை வெட்டி, இந்தக் கோயில் மைதானத்தில்தான் ஆடினோம். லூர்து கெபியின் கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது. ஒரு தடவை உடைத்தது நான். (அப்போதைய பங்குச்சாமியார் அதற்குக் கொடுத்த தண்டனை ஐம்பத்து மூன்று மணி செபமாலை, அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக நின்றவரும் அவரே.)

1973-இல் எனக்கு 13 வயது. தமிழ்நாடு ரஞ்சி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரி பம்பாய். பம்பாய் என்றால் சாதாரணமில்லை. 1959-இலிருந்து தொடர்ச்சியாக 14 வருஷம் கோப்பையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவர்கள். ஆனால் ஆட்டம் நம் சேப்பாக்கத்தில். நம் பக்கம் வெங்கட்ராகவன் இருக்கிறார், வி.வி. குமார் இருக்கிறார். இரண்டு பேரும் பந்தைச் சுழற்றினால் எந்த பம்பாயும் தப்ப முடியாது என்று எங்கள் தெருவே நம்பியது. தகப்பனார் ஒரு முடிவுக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று பொய் எழுதாமல், "என் மகனுக்கு ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் காட்ட வேண்டியிருப்பதால்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டாம் நாள் ராத்திரி ரயிலேறினோம். மூன்றாம் நாள், நான்காம் நாள், முடிந்தால் ஐந்தாம் நாள் என்று திட்டம். அம்மா மூன்று நாளுக்குக் கெட்டுப்போகாத புளியோதரை கட்டிக் கொடுத்தார்.

எழும்பூரில் இறங்கிப் பத்திரிகை வாங்கினால், அப்பாவின் முகம் போன போக்கு இன்றும் என் கண் முன் நிற்கிறது. பம்பாய் 151-உம் 113-உம் எடுத்திருக்கிறார்கள். நம் ஆட்களின் பந்துவீச்சில் குறையில்லை. ஆனால் நம் அணி முதல் தடவை 80-க்குச் சுருண்டு, இரண்டாம் தடவையும் எல்லோரும் போய் ஒரே ஒரு விக்கெட் மிச்சம். சிவால்கர் என்ற பம்பாய்க்காரர் முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்திருந்தார். அப்பா பத்திரிகையை மடித்தார். "ஒரு விக்கெட் இருக்குல்ல? வா" என்றார்.

போனோம். உள்ளே நுழைந்து நான் உட்கார நிழல் பார்த்து இடம் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது! தமிழ்நாடு 61. பம்பாய்க்குத் தொடர்ந்து பதினைந்தாவது கோப்பை.

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அப்பாவோ சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவில்லை. "தாத்தாவுக்கு ஒரு பந்துகூடக் கிடைக்கல. நமக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றார். பிறகு கடற்கரை ஓரமாகவே சாந்தோம் வரை என்னை நடத்திக் கூட்டிப் போனார். அப்போஸ்தலர் தோமையார் கல்லறையில் முழந்தாளிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அப்புறம் வெளியே வந்து, ஆலயத்து நிழலில் உட்கார்ந்து மூன்று நாள் புளியோதரையில் பாதியைச் சாப்பிட்டோம். ரயிலில் திரும்பும்போது கேட்டார்: "பெரியவனாகி என்ன ஆகப் போறே?" அவர் மனசு எனக்குத் தெரியும். "சாமியாராப் போறேம்பா" என்றேன். அந்த நாளில் அவருக்கு வேறு எதையாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பந்தை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

குருமடத்துக்குப் போனேன். நல்லபடியாகவே படித்தேன். என்னை வளர்த்த குருக்கள் எல்லோரும் நல்லவர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் 1986-இல், பட்டம் பெறுவதற்கு இன்னும் கொஞ்ச காலமே இருக்கும்போது, இது எனக்குரிய அழைத்தல் இல்லை என்று தெளிவாகி, பெட்டியுடன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தகப்பனார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேச்சை நிறுத்திவிட்டார். 1987-இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து நம் சிவகங்கை மறைமாவட்டம் உருவாயிற்று. புது மறைமாவட்டத்தின் முதல் குருக்களில் தன் மகனும் ஒருவனாக நிற்பான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த மனிதர் அவர். அந்த விழாவுக்கு நாங்கள் ஒரே பஸ்ஸில் போய், தனித்தனியாக உட்கார்ந்து வந்தோம்.

இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் அம்மா மூலம்தான். "சாப்பிடச் சொல்லு." "விளக்கை அணைக்கச் சொல்லு." அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரேடியோவில் ஆட்டத்தை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்த காலம் வரை அது ஆண்களின் விவகாரம் என்று அவர் அடுப்படியிலேயே இருந்தார். எண்பதுகளில் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் நல்ல தமிழில் வர்ணனை சொல்லத் தொடங்கியதும், முறத்தோடு கூடத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். கல் பொறுக்கியபடியே, "இவன் ஏன் இப்படி வெளியே போற பந்தைத் தொடுறான்?" என்று கேட்பார். சரியான கேள்விகளாக இருக்கும். செபமாலை நேரம் வந்தால், ஆட்டம் எந்த நிலைமையில் இருந்தாலும் ரேடியோவை அணைப்பவரும் அவர்தான்.

1988-இல் தமிழ்நாடு மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. சேப்பாக்கத்தில், ரயில்வே அணியோடு. அப்பா கூடத்தில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வெளியே திண்ணையில். அம்மா இடையில், நிலைப்படிக்கு அருகே. அவர் கேட்பது எனக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தவர் அப்பாவா அம்மாவா என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்கள் இப்படியே போயின. கடைசி நாள் தமிழ்நாடு ஒரு இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்தது. வாசுதேவன் கையில் கோப்பை. 1955-க்குப் பிறகு 33 வருஷம்!

உள்ளே ரேடியோ நின்றது. அப்பா எழுந்து திண்ணைக்கு வந்தார். எதிர்ப்பக்கத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"ஜெயிச்சுட்டானுங்கடா."

"ஆமாம்ப்பா."

"அன்னைக்கு ஒரு பந்து பார்த்தோமே. ஞாபகம் இருக்கா?"

அந்த நேரத்தில் எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நான் பார்க்கலைப்பா. நிழலுக்கு இடம் தேடிக்கிட்டு இருந்தேன். திரும்பறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். 15 வருஷமாகவா சொல்லவில்லை என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று சேப்பாக்கத்தில் சிரித்த மாதிரியே சிரித்தார். அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார். சிரிப்பு நின்றதும், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற என்னென்ன சொல்லாம வச்சிருக்கே, சொல்லு" என்றார். ராத்திரி வெகுநேரம் பேசினோம். என்ன பேசினோம் என்பது இந்த மேடைக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகு ரஞ்சிக் கோப்பை நம் பக்கம் திரும்பவில்லை. இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்பது வழக்கமாகிவிட்டது. 2012-இல் சேப்பாக்கத்திலேயே ராஜஸ்தான் 621 ரன் குவித்து முதல் இன்னிங்ஸ் முன்னணியில் கோப்பையைக் கொண்டு போனார்கள். 2015-இல் கர்நாடகத்தின் கருண் நாயர் ஒருவரே 328 அடித்தார். என் தகப்பனார் இவற்றையெல்லாம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது ஒரு வகையில் நல்லது.

என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் 1992-இல் பிறந்தவன். 2008-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் வந்ததும் வீடு மஞ்சளாகிவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. ஏலத்தில் ஆள் எடுத்துச் சேர்த்த அணி ஒரு அணியா? "இதுல நம்ம ஊர்க்காரன் எத்தனை பேர்டா? தோனி ராஞ்சிக்காரர்" என்றேன். பயல் யோசிக்கவே இல்லை. "உங்க தாத்தா கொண்டாடின ராம் சிங் குடும்பம் எந்த ஊர்ப்பா? பேருக்கு முன்னால இருக்கிற 'ஏ' அமிர்தசரஸ்தானே?" என்றான். நான் சொல்லிக் கொடுத்த கதையை வைத்தே என்னை மடக்கிவிட்டான். உண்மைதான். அமிர்தசரஸிலிருந்து வந்த குடும்பம் அது. ராம் சிங், அவர் மக்கள் கிருபால் சிங், மில்கா சிங், கிருபாலின் மகன் அர்ஜன் என்று மூன்று தலைமுறை நம் அணிக்கு ஆடியிருக்கிறது. 1989-இல் கோவாவுக்கு எதிராக அர்ஜன் 302 அடித்தபோது, "என் அப்பாவோட ஆளுக்குப் பேரன்" என்று என் தகப்பனார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எந்த ஊர் என்று அவர் கேட்டதில்லை. அதற்குமேல் மகனோடு நான் வாதம் செய்யவில்லை.

அவனுடைய அணிக்கும் கஷ்டகாலம் வந்தது. 2016, 2017 இரண்டு வருஷம் அணியையே விலக்கி வைத்தார்கள். எத்தனையோ பேர் வேறு அணிகளுக்கு மாறினார்கள். இவன் அந்த இரண்டு வருஷமும் டெலிவிஷன் பக்கமே திரும்பவில்லை. 2018-இல் அணி திரும்பி வந்தது. காவிரிப் பிரச்சினைப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்களைப் புனேக்கு மாற்றினார்கள். ரசிகர்களுக்கென்றே சென்னையிலிருந்து ஒரு தனி ரயில் விட்டார்கள். அதில் என் மகனும் போனான். போகிற வழியில் போன் செய்து, "அப்பா, நானும் ரயில்ல போறேன், ஆனா முழு ஆட்டமும் பார்த்துட்டுத்தான் வருவேன்" என்றான். பார்த்துவிட்டும் வந்தான், சென்னை ஜெயித்தது.

இப்போது அவனுக்கு பம்பாயில் வேலை. 2024 மார்ச் மாதம், தவக்காலம். ஏழு வருஷத்துக்குப் பிறகு தமிழ்நாடு ரஞ்சி அரையிறுதிக்கு வந்தது. யாரோடு? அதே பம்பாயோடு, பம்பாயிலேயே. ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் நாள் ஆட்டம். நான் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது போன் வந்தது. "அப்பா, மைதானத்துல இருக்கேன். நூத்தாறுக்கு ஏழு விக்கெட்! மும்பைக்கு!" என்று கத்தினான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பூசைக்குப் போனாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. "நாளைக்கும் போறியா?" என்றேன். "நாளைக்கு முடியாதுப்பா, ஆபீஸ். செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கேன். நாலாம் நாள்தான் முக்கியம்" என்றான்.

அதற்குப் பிறகு ஷர்துல் தாக்கூர் வந்து 109 அடித்தார். பம்பாய் 378. நம் ஆட்கள் 146, பிறகு 162. ஒரு இன்னிங்ஸும் 70 ரன்னும். திங்கட்கிழமையே எல்லாம் முடிந்தது.

அன்று ராத்திரி போன் செய்தான். "செவ்வாய்க்கிழமை லீவு போட்டவன் நான்தான்ப்பா" என்றான். "மீசை வச்ச ஆள் ஒருத்தன் புல் வெட்டிக்கிட்டு இருப்பான், போய்ப் பாரு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். லீவை ரத்து செய்யப் போகிறாயா என்று கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும்" என்றான்.

செவ்வாய்க்கிழமை மாலை என் போனுக்கு ஒரு படம் வந்தது. பாந்திரா குன்றின் மேல் இருக்கிற மாதா கோயில். மெழுகுவர்த்தி ஒன்று எரிகிறது. கூட ஒரு எழுத்தும் இல்லை. அங்கே எவ்வளவு நேரம் இருந்தாய் என்று நானும் இதுவரை கேட்கவில்லை.

சாமியார் மணியைப் பார்க்கிறார். வணக்கம்.